பார்ப்பதற்கென்று ஒரு வாள்

சுபத்ரா வாங்கியது கூரில்லாத வாள். அதனுடன் வந்த ரசீதிலும் ‘கூர் தீட்டப்படாதது, அலங்காரத்துக்கு மட்டும்’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான், ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் யக்ஞநாராயணனிடம், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அதைச் சோதித்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் அவள் பரிசோதகராக இருந்தாள். நாள் முழுதும் எதிரே அமர்பவரின் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பது அவள் வேலை. ஏழு வாரங்கள் அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டு அந்த வாளை அவள் தேர்ந்தெடுத்தாள். இணையத்தில் மலிவாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலும் பொன்னிற வண்ணம் பூசிய டிராகன்கள் கைப்பிடியைச் சுற்றிக் கிடந்தன. சிவப்புப் பிளாஸ்டிக் கற்கள் முழித்துக்கொண்டிருந்தன. மரக்கேடயத்தின்மேல் குறுக்காக மாட்டிய ஜோடி வாள்கள் நெடுஞ்சாலை ஓட்டல்களின் வரவேற்பறையை நினைவூட்டின. சண்டைப் பயிற்சிக்கென்று செய்யப்பட்ட அசல் எஃகு வாள்களோ அவள் சம்பளத்துக்கு எட்டாதவை. பார்ப்பதற்கு மட்டுமே செய்யப்பட்டு, ஆனால் பார்க்கிறவரை ஏமாற்றாத ஒன்று இவை இரண்டுக்கும் நடுவே எங்காவது இருக்கும் என்று அவள் நம்பினாள். அலகின் வால் கைப்பிடிக்குள் முழு நீளத்துக்கும் போகிறதா, அல்லது பாதியில் பற்றவைத்த கம்பியா என்று விற்பவர்களுக்கு எழுதிக் கேட்டாள். பலர் பதில் எழுதவில்லை. எழுதியவர்களில், டேராடூன் பக்கம் ஒரு பட்டறைக்காரர் மட்டும் கைப்பிடியைக் கழற்றிப் படமெடுத்தே அனுப்பினார்.

ஐரோப்பாவின் இடைக்காலக் குதிரை வீரர்கள் இடுப்பில் கட்டிய கைவாளின் நகல் அது. நேரான குறுக்குக்கட்டை, கைப்பிடியின் அடியில் நாணயம்போல் தட்டையான குமிழ், அலகின் நடுவே இறங்கி, பாதி தூரத்துக்குமேல் சத்தமில்லாமல் மறைந்துபோகும் ஒரு பள்ளம். கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் பட்டுத்துணியின் மங்கலான மெருகு. வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. விலை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஏன் வாள் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்தது. அது மிகச் சிறியது என்பதுதான் எல்லோருக்கும் சங்கடம். அந்த அலகு ஓடும் நேர்கோடு அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவே. முப்பத்தாறு வயதில், மணமுறிவுக்குப் பிறகு தனியே குடியேறிய அந்த வீட்டில் இருந்த ஒவ்வொன்றும் தேவை என்பதற்காக வாங்கப்பட்டது. குக்கர், இன்வெர்ட்டர், லாரித் தண்ணீர் பிடித்து வைக்க நீல டிரம். தேவையின் பட்டியலில் இடம்பெறாத ஒரு பொருள், அவள் தேர்ந்த ஒரே காரணத்துக்காக அவள் கண்ணெதிரே இருக்கவேண்டும். அதைக் கேட்பதற்குத் தனக்கு உரிமை உண்டு என்று அவள் கருதினாள். அது இத்தனை பேருக்கு உறுத்தும் என்று எதிர்பார்க்கவில்லை.

பெட்டி வந்த அன்று அதைக் கீழ்த்தளத்தில் கையெழுத்திட்டு வாங்கிவைத்தவள் யக்ஞநாராயணனின் மனைவி பாலாம்பாள்.

“ஏண்டிம்மா, நாலடி நீளத்துக்கு ஏதோ வந்திருக்கே. ஸ்க்ரீன் மாட்டற கம்பியா?”

“வாள் மாமி.”

“என்னது?”

“வாள். ராஜா ராணி படத்துல எல்லாம் வருமே.”

பாலாம்பாள் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த கால் மணி நேரத்தில், தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற யக்ஞநாராயணன் மாடியேறி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோபாவின்மேல் கிடந்த வாளைக் குனிந்து பார்த்தார்.

“இது எதுக்கு?”

“பார்க்கறதுக்கு சார்.”

“பார்க்கறதுக்குன்னா?”

“காலண்டர் மாட்டறோம் இல்லையா, அந்த மாதிரி.”

“காலண்டர்ல தேதி இருக்கும்மா.”

மாலைக்குள் செய்தி காலனிவாசிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. புறநகரில் எங்கோ பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிய இளைஞர்கள் கைதான காணொளி அந்த வாரம்தான் அதே குழுவில் மூன்று முறை சுற்றியிருந்தது. நலச்சங்கச் செயலாளர் லோகநாதன் நேரில் வந்தார். கொஞ்சம் தயங்கி, வாசலிலேயே நின்று பேசினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு லேடி தனியா இருக்கற வீட்ல இந்த மாதிரி ஐட்டம் இருந்தா, நாளைக்கு ஒண்ணுன்னா அசோசியேஷனைத்தான் கேப்பாங்க.”

“ஒண்ணுன்னா என்ன சார்?”

“ஒண்ணுன்னா…” லோகநாதன் யோசித்தார். “ஒண்ணுதான் மேடம்.”

சுபத்ரா ரசீதைக் காட்டினாள். ஒரு தக்காளியை எடுத்துவந்து அலகை அதன்மேல் அழுத்தியும் காட்டினாள். தக்காளி நசுங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. லோகநாதன் சமாதானமாகவில்லை. தனி ஒருவர் பார்த்துச் சொன்னால் போதாது, வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சோதிக்கவேண்டும் என்றார். அவர் பின்னாலேயே மாடியேறி வந்திருந்த யக்ஞநாராயணன் அதற்கு ஒரு முடிவுரை சேர்த்தார்.

“மொண்ணையா இருந்தா வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. கூர் இருந்தா அது இந்த ஆத்துல இருக்கப்படாது. அதை விடமாட்டேன்னா, நீயும் வேற வீடு பார்த்துக்கோ.”

தனியாக வசிக்கும் பெண் என்ற காரணத்தால் மேடவாக்கம் தொடங்கிச் சேலையூர்வரை பதினோரு வீடுகள் அவளுக்குக் கதவடைத்த பிறகு கிடைத்த வீடு அது. அவர் சொன்னதன் எடை அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடனே சம்மதித்தாள். வாள் மொண்ணை; அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இனி அதை நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்ற நிபந்தனை, மற்றெல்லாவற்றையும்விடத் தடித்த எழுத்தில் இருந்தது. எனவே தரையில் நிற்கும் இரும்புத் தாங்கி ஒன்று செய்துகொள்ள நினைத்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சிறிய இரும்புப் பட்டறை வைத்திருந்த சவுரிமுத்து அவள் நினைவுக்கு வந்தான். சென்ற ஆண்டு, சாணைச் சக்கரத்திலிருந்து தெறித்த இரும்புத் துகளுடன் அவன் மருத்துவமனைக்கு வந்தபோது, சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தவனை மிரட்டி உட்காரவைத்து, மருத்துவர் வரும்வரை போகவிடாமல் தடுத்தவள் அவள்தான். செவிலியர் அல்ல என்று பலமுறை சொல்லியும் அவன் அவளைச் சிஸ்டர் என்றே அழைத்தான்.

வியாழக்கிழமை காலை வாளைப் போர்வையில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். தாங்கியின் அளவுக்கு வாள் கையிலேயே இருக்கவேண்டும் என்றான். சனிக்கிழமை மதியம் போனாள்.

தாங்கி நன்றாக வந்திருந்தது. கறுப்பு வண்ணம், கனமான வட்ட அடித்தளம், வாளின் நுனி கீழ்நோக்கி நிற்கும்படி இரண்டு வளையங்கள். அதைப் பாராட்ட அவள் வாயெடுப்பதற்குள் சவுரிமுத்து கையை உயர்த்தினான்.

“ஸ்டாண்டு இன்னா ஸ்டாண்டு. இத்தப் பாருங்க சிஸ்டர்.”

ஒரு செய்தித்தாளை இடது கையில் தொங்கவிட்டான். வலது கையிலிருந்த வாளை அதன் விளிம்பில் வைத்து, அழுத்தாமல், எடையை மட்டும் விட்டான். தாள் ஓசையின்றி இரண்டாகித் தரையில் விழுந்தது.

“என்னண்ணா பண்ணீங்க?”

“சாணை புட்ச்சேன். ரெண்டு பக்கமும். ரெண்டு நாளு இதே வேலயா குந்திக்கினு கீறேன். எவனோ உங்கள ஏமாத்திக்கீறான் சிஸ்டர். இம்மாம் அழகான பீஸ மொண்ணையாக் குட்த்து அனுப்பிக்கீறான். பாத்துக்கினே இருந்தேன், மனசு கேக்கல. துட்டெல்லாம் வாணாம். கண்ணக் காப்பாத்திக் குட்த்தவங்க நீங்க.”

சுபத்ரா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சவுரிமுத்துவின் தொழிலில் கூரில்லாத அலகு என்றால் அது யாரோ அரைகுறையாக விட்டுப்போன வேலை. அதை முடித்துக் கொடுப்பது மரியாதை. யாரும் கேட்காமலே செய்வது நன்றி. அவன்மீது கோபப்பட அவளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“மொண்ணையாத்தான் வோணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!”

“கூர் போட்டுடாதீங்கன்னு சொல்லணும்னு எனக்கு எப்படிண்ணா தோணும்?”

“அதுவும் கரீட்டுதான்.”

அவள் வாளைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பியபோது ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. அது முன்னைவிட அழகாக இருந்தது. இரு விளிம்புகளிலும் மயிரிழை அளவில் ஓர் ஒளிக்கோடு, குறுக்குக்கட்டையிலிருந்து நுனிவரை எங்கும் அறுபடாமல் ஓடியது. ஏழு வாரம் எந்தப் படத்திலும் காணாத கோடு.

சவுரிமுத்து அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். “ஓரத்துல ரெண்டு கோட்டு வார்னிஷ் இய்த்துட்றேன். நாளிக்கு அவுனுங்க இன்னா பண்ணாலும் பேப்பர் அறுக்காது. அப்பால தின்னர் போட்டுத் தொட்ச்சிக்கங்க. மாலு அப்டியே கீதும்.”

“இல்லேன்னா?”

“அரத்தால இழைக்கணும். மழுங்கிடும். ஆனா மூஞ்சி போய்டும், சொல்ட்டேன்.”

வார்னிஷ் டப்பா அவள் காலடியிலேயே இருந்தது. பத்து நிமிட வேலை. வீடும் இருக்கும், வாளும் இருக்கும், அந்த ஒளிக்கோடும் இருக்கும். அப்படிக் காப்பாற்றினால், கூடத்தில் நிற்கப்போவது தான் தேர்ந்தெடுத்த பொருளாக இருக்காது, ஒளித்துவைத்த பொருளாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கதவு தட்டப்படும்போதெல்லாம் அதன்மேல் ஒரு துணியைப் போடவேண்டியிருக்கும். முறிந்துபோன எட்டு ஆண்டு மணவாழ்வில் துணி போட்டு மூடியவை போதும்.

“அரத்தைக் குடுங்கண்ணா. எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் காட்டுங்க.”

“நானே இழைச்சுக் குட்த்துட்றேன். உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

“இங்க வேண்டாம். நாளைக்கு, அவங்க முன்னாடி நானே பண்ணிக்கறேன்.”

சவுரிமுத்து இருப்பதில் நல்ல அரமாகத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். “தள்ளும்போதுதான் அழுத்தணும். இய்க்கும்போது தூக்கிடணும். கைக்கு உறை போட்டுக்கங்க.”

ஞாயிறு காலை பத்தரைக்கு யக்ஞநாராயணன் வீட்டுப் போர்ட்டிகோவில் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடினார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் பற்றிய விவாதம் முடிந்து, ‘இதர விஷயங்கள்’ என்று லோகநாதன் அறிவித்தபோது சுபத்ரா வாளுடன் படியிறங்கி வந்தாள். லோகநாதன் நாளிதழின் விளம்பரப் பக்கமொன்றைத் தயாராக மடித்து வைத்திருந்தார். காகிதம் மட்டும் போதாது என்று கருதிய பாலாம்பாள், சாம்பாருக்கு வாங்கிய பூசணிக்கீற்று ஒன்றையும் தட்டில் கொண்டுவந்திருந்தாள்.

“டெஸ்ட் வேண்டாம் சார்,” என்றாள் சுபத்ரா. “இது கூர்.”

நாற்காலிகள் அசைந்தன.

“மொண்ணைன்னு சொன்னியேம்மா!” என்றார் யக்ஞநாராயணன்.

“வியாழக்கிழமை வரைக்கும் மொண்ணைதான் சார். ஸ்டாண்டு பண்ணக் குடுத்த இடத்துல, எனக்கு உதவி பண்றதா நெனச்சு சாணை பிடிச்சுட்டாங்க. நான் கேக்கலை. ஆனா நேத்துலேர்ந்து இது காகிதத்தை வெட்டும். அதை மறைச்சு டெஸ்ட் பாஸ் பண்ண ஒரு வழி இருந்தது. அது எனக்கு வேண்டாம்.”

“கேட்டீங்களா?” லோகநாதன் எழுந்தார். “இதைத்தான் நான் சொன்னேன். இது போலீஸ்ல சொல்லவேண்டிய மேட்டர்.”

“சொல்லுங்க சார். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காருங்க.”

போர்ட்டிகோவின் பக்கவாட்டில் துவைக்கும் கல் இருந்தது. அதன்மேல் பழைய துண்டை நான்காக மடித்து விரித்து, ஒரு விளிம்பு கல்லுக்கு வெளியே நீண்டிருக்கும்படி வாளைக் கிடத்தினாள். கையுறை மாட்டிக்கொண்டாள். அரத்தை எடுத்து முதல் இழைப்பை இழைத்தாள்.

எழுந்த ஓசை பல்லைக் கூசவைத்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தள்ளும்போது அழுத்தினாள், இழுக்கும்போது தூக்கினாள். பழகாத கை அடிக்கடி வழுக்கியது. வழுக்கியபோதெல்லாம் அரம் விளிம்பைத் தாண்டி அலகின் முகத்தில் குறுக்காக ஒரு கீறலைப் போட்டது. நிறுத்தவில்லை. குறுக்குக்கட்டையில் தொடங்கி விரற்கடை விரற்கடையாக அந்த ஒளிக்கோட்டை அவளே தின்றுகொண்டு போனாள். துண்டின்மேல் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி சேர்ந்தது. இரண்டாம் விளிம்புக்காக வாளைப் புரட்டிப்போட்டபோது கை ஓரளவு பழகியிருந்தது. அந்தப் பக்கத்து முகத்தில் ஒரு கீறலும் விழவில்லை.

“போறும்மா,” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். “நாங்க நம்பறோம்.”

“முடியலை இன்னும்,” என்றாள்.

அரை மணி நேரம் முக்கால் மணி ஆனது. கூட்டத்தில் பாதிப்பேர் தங்களுக்கு வேலை இருப்பதை நினைவுகூர்ந்து எழுந்து போயிருந்தார்கள். மீதிப்பேர் செல்போனைப் பார்த்தார்கள். சுபத்ரா கடைசியில் வாளை நிமிர்த்தி, கைப்பிடியை லோகநாதன் பக்கம் நீட்டினாள்.

“நீங்களே பாருங்க சார்.”

லோகநாதன் காகிதத்தில் வைத்துப் பார்த்தார், மடிந்தது. அழுத்திப் பார்த்தார், கசங்கிக் கிழிந்தது. பூசணிக்கீற்றின்மேல் வைத்தார், ஒரு பள்ளம் விழுந்தது. மூன்றாம் முறை முயன்றுவிட்டு வாளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் உட்காரவில்லை.

“சரி மேடம். இருந்தாலும்… குழந்தைங்க இருக்கற இடம்.”

“என் வீட்டுக்குக் குழந்தைங்க வர்றதில்ல சார். வந்தாலும் இப்ப இது ஒரு இரும்புப் பட்டை.”

“அதுக்கில்ல. திரும்பவும் யாராவது சாணை பிடிச்சா?”

“அப்ப திரும்பவும் கூட்டம் போடுங்க. நான் திரும்பவும் இழைக்கறேன்.”

யக்ஞநாராயணன் தொண்டையைச் செருமினார். “சுபத்ரா, நான் சொல்றதைக் கேளு. கூரோ மொண்ணையோ, ஒரு பொம்மனாட்டி தனியா இருக்கற எடத்துல வாள்னா, பார்க்கறவா என்ன நெனப்பா?”

சுபத்ரா கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் அரத்தின் பிடி பதிந்து இரண்டு இடங்களில் கொப்புளம் எழும்பியிருந்தது.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். கூர்தான் பிரச்சினைன்னு சொன்னீங்க. ஆறாயிரம் ரூபாய்ப் பொருளை உங்க எதிர்லயே பாழாக்கிட்டேன். இப்ப பார்க்கறவங்கன்னு சொல்றீங்க. அவங்களை நான் எந்த அரத்தால சார் இழைக்கறது?”

பாலாம்பாள் பள்ளம் விழுந்த பூசணிக்கீற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டாள்.

“நம்மாத்து அரிவாமணை இதைவிட நூறு மடங்கு கூர்,” என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். “அதை நாப்பது வருஷமா நான் தனியாத்தான் வெச்சுண்டிருக்கேன். ஒருத்தரும் ஒரு கூட்டம் போடலை. சாம்பாருக்கு நாழியாச்சு.” உள்ளே போய்விட்டாள்.

யக்ஞநாராயணன் மனைவி போன திசையையும் வாளையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் வாக்குத் தவறாதவர் என்று பெயரெடுத்தவர்; அந்தப் பெயர் அப்போது அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

“சொன்ன சொல்லுக்காக விடறேன். ஆனா அக்ரிமென்ட் புதுப்பிக்கறப்போ யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.”

“யோசிங்க சார். இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுவரைக்கும் இது உங்க வீட்டு ஹால்ல நிக்கும். அதுக்கப்புறம் நான் போற வீட்டு ஹால்ல நிக்கும்.”

வாளைச் சுற்றிக்கொண்டு வந்த போர்வை படியின் கைப்பிடியில் கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடாத வாளைக் கையில் ஏந்தி மாடியேறினாள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கிளிப்பை வாயில் வைத்தபடி நின்று பார்த்தாள்.

கூடத்தில் தாங்கியை நடுச்சுவரின் முன் நகர்த்தி, வளையங்களுக்குள் வாளை இறக்கினாள். எட்டடி பின்னால் போய், தன் தொழிலுக்கே உரிய கறாரோடு பார்த்தாள். அழகு குறைந்துதான் போயிருந்தது. அதில் தன்னை ஏமாற்றிக்கொள்ள அவள் விரும்பவில்லை. விளிம்பு மங்கி, அங்கங்கே அரத்தின் பற்கள் பதிந்து கரடுமுரடாக இருந்தது. ஒரு முகம் பரவாயில்லை. மற்றொன்றில் ஏழு கீறல்கள், எண்ணிப் பார்த்தாள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோணங்களில் ஓடின.

கீறல் விழுந்த முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிவிடலாம். கீழே லோகநாதன் யாரிடமோ உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். சுபத்ரா வாளை வளையங்களிலிருந்து தூக்கி, அந்த முகம் வாசலைப் பார்க்கும்படித் திருப்பி வைத்தாள். பிறகு கதவை விரியத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி நீல டிரம்மை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, கொப்புளத்துக்கு மருந்து தேடப் போனாள்.